ரீத்தாவை அவள் அம்மாவிடம் கொண்டுபோன கதை

1

எங்கள் ரயில்வே ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஞானராஜ் என்ற இளைஞர் போன வாரம் ஈப்போவில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் மனைவியோடும் இரண்டு வயதுப் பையனோடும் திருச்சிக்குப் போகிறாராம். ஆகாய விமானத்தில் முதல் பயணம். பையன் வழியெல்லாம் அழுவானோ என்று கணவன் மனைவி இருவருக்கும் இப்போதே தூக்கம் போய்விட்டது. நான் அந்தக் காலத்திலேயே கைக்குழந்தையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பறந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தையின் வாயில் ஏதாவது சப்பக் கொடுங்கள், காதடைப்பு குறையும். மாற்றுத் துணிகளைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். அவர் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பயணம் அதுவல்ல. எங்கள் ஊர் சூரமங்கலத்தில் இதைப் படிப்பவர்களில் எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கும் பாதிதான் தெரியும். மீதியை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

என் தகப்பனார் சேலம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த நான் சித்தப்பா ஒருவர் மூலமாக மலாயா ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கு வந்தேன். ஊருக்குப் போய்ப் பிலோமினாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தேன். அவளும் சூரமங்கலம்தான். எங்கள் பங்குக் கோயிலில் பாடல் குழுவில் பாடியவள்.

ரீத்தா பிறந்து ஆறாவது மாதம் பிலோமினாவுக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், காசநோய் என்றார். அந்த நாட்களில் அந்தப் பெயரைச் சொன்னாலே அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்துவார்கள். ஊருக்குப் போய் அண்ணன் அருளப்பன் பக்கத்தில் இருந்து வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். குழந்தையோடுதான் போவதாக இருந்தது. அதற்காக அவளுடைய பாஸ்போர்ட்டில் ரீத்தாவின் பெயரையும் சேர்த்திருந்தோம். கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குழந்தையை அவளோடு அனுப்பினால் குழந்தைக்கும் வரும். பினாங்குத் துறைமுகத்தில் என் கையிலிருந்த ரீத்தாவைத் தொடக்கூட அவள் கிட்டே வரவில்லை. தூரத்தில் இருந்தபடியே ஏணியில் ஏறிப் போனாள்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுச் சீன அம்மாள். நாங்கள் அவரை ஆ யீ என்று கூப்பிடுவோம். சின்னம்மா என்று அர்த்தம். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய்தான். ஆகவே ரீத்தாவுக்கு வந்த முதல் சொற்களும் மலாய்ச் சொற்களாகவே இருந்தன. பால் என்றால் 'சூசூ'. வேண்டாம் என்றால் 'தாமாவ்'. சோறு ஊட்டினால் தாமாவ், தலை வாரினால் தாமாவ், நான் ஆபீசுக்குக் கிளம்பினால் தாமாவ்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம் அருளப்பனிடமிருந்து தந்தி வந்தது. மருந்து மட்டும் போதாது, விலா எலும்புகளை எடுத்து நெஞ்சில் ஆபரேஷன் செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து மாதம் ஒரு முறை வரும் பெரிய டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதற்கு முன்னால் குழந்தையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பிலோமினா கேட்கிறாள்.

கப்பலில் போனால் நாள் தாண்டிவிடும். விமானம் ஒன்றுதான் வழி.

3

பாஸ்போர்ட் ஆபீசில் என் பாஸ்போர்ட்டில் குழந்தையின் பெயரைச் சேர்க்க மறுத்தார்கள். ரீத்தா ஏற்கெனவே தாயின் பாஸ்போர்ட்டில் இருக்கிறாள். தாய் இந்தியாவுக்குப் போய்விட்டார். ஆகவே குழந்தையும் இந்தியாவில் இருப்பதாகத்தான் அவர்கள் காகிதம் சொல்கிறது. நான் குழந்தையைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தேன். இவள்தான் அது என்றேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். குழந்தையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஆனாலும் காகிதத்தைத் தாண்ட அவரால் முடியவில்லை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்குமாக மறுபடி மறுபடி அலைந்து, டாக்டரிடமும் பங்குச் சாமியாரிடமும் சான்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் முத்திரை விழுந்தது. இன்றும் வரிசையில் நிற்கும்போது யாராவது காகிதத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடினால் எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வரும்.

சிங்கப்பூரில் விமானம் ஏறினோம். நான்கு விசிறிகள் சுற்றும் பெரிய விமானம். தரையை விட்டுக் கிளம்பியதுமே ரீத்தா அலற ஆரம்பித்தாள். காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பணிப்பெண் கொடுத்த மிட்டாயைத் துப்பினாள். புட்டியைத் தள்ளினாள். அதுவரை அவளுக்குத் துணி மாற்றுவதும் சோறூட்டுவதும் ஆ யீயின் வேலையாகவே இருந்தன. நான் சாயங்காலத்தில் தூக்கிக் கொஞ்சுகிற அப்பா. மடியில் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தேன். முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் நடைவழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏனுங்க, கொழந்தயோட அம்மா வரலீங்களா?"

எங்கள் ஊர்ப் பக்கத்து அந்த 'ங்க'வைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் திருநீறு. பெயர் பழனியப்பன். குமாரபாளையத்துக்காரர். சிங்கப்பூர்க் கடைகளுக்குக் கைலியும் துண்டும் அனுப்புகிற வியாபாரி. ஆர்டர் பிடிக்க வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் சூரமங்கலம் என்றதும் என் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டு இடம் மாற்றிக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதே என்று நான் கூச்சப்பட்டேன். "அழுவட்டுமுங்க," என்றார். "காது வலிச்சா நமக்குந்தான் அழுவ வருது. நமக்கு வெக்கம், அதுக்கு இல்ல."

'வா சாமி' என்று குழந்தையைக் கை நீட்டி வாங்கினார். வாங்கிய உடனே அவள் குடித்த பாலெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டையில் வந்தது. நான் பதறினேன். அவர் பையிலிருந்து மாதிரித் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டையைத் துடைத்துவிட்டு, இன்னொன்றைத் தோளில் போட்டு அதன்மேல் அவளைச் சாய்த்துக்கொண்டார்.

தூளி கட்டினால் தூங்கிவிடுவாள் என்றார். கைலி ஒன்றைப் பிரித்து, தலைக்கு மேலே சாமான் வைக்கும் பலகையின் கம்பியில் கட்டப் போனார். பணிப்பெண் ஓடிவந்து தடுத்தாள். பலகை தாங்காது, அதற்கு அனுமதி இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விமானத்தின் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய் நின்று கைலியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தார். குழந்தையை நடுவில் போட்டு இருவரும் ஆட்டினோம். பணிப்பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு என்ன விதி என்று அவளுக்குத் தெரியவில்லை போலும்.

கீழே கடல் மட்டும் தெரிந்தது. ஆட்டிக்கொண்டே எதற்காகப் போகிறேன் என்பதை அவரிடம் சொன்னேன். நோயின் பெயரையும் மறைக்காமல் சொன்னேன். முனையை விட்டுவிட்டு நகர்ந்துகொள்வார் என்று உள்ளுக்குள் பயம் இருந்தது. அவர் முனையை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு, "கொழந்தயப் பாக்கோணும்னு அவுங்களா கேட்டாங்கல்லங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இன்னும் தெம்பு இருக்குதுங்க."

ரீத்தா தூங்கிவிட்டாள். கை கடுத்தாலும் இருவரும் ஆட்டுவதை நிறுத்தவில்லை. விமானம் குலுங்க ஆரம்பித்து, பணிப்பெண் வந்து உட்காரச் சொன்ன பிறகுதான் குழந்தையை என் மார்மேல் போட்டுக்கொண்டேன். அவளுடைய முழு எடையும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று முதல் அவள் என்னைத் தவிர யாரிடமும் போக மறுத்தாள்.

மீனம்பாக்கத்தில் இறங்கி, மெட்ராசிலிருந்து ஒரே ரயிலில் வந்தோம். அவர் ஈரோட்டுக்குப் போக வேண்டும். சேலம் ஜங்ஷனில் ஜன்னல் வழியாகக் கை கூப்பினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவேயில்லை.

4

ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்தது. அருளப்பனும் அவர் மனைவி சவரியம்மாளும் எங்களை ஜட்காவில் அழைத்துப் போனார்கள். ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். வராந்தாவில் நாற்காலி போட்டுப் பிலோமினாவை உட்கார வைத்தார்கள். நாங்கள் முற்றத்தில், வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி வரக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

பிலோமினாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தோள் எலும்பு புடவைக்கு மேல் தெரிந்தது. தலை வாரிப் பூ வைத்திருந்தாள். குழந்தை பார்க்கப் போகிறது என்று காலையிலிருந்தே நர்சைத் தொந்தரவு செய்து வைத்துக்கொண்டாளாம்.

"பாப்பா," என்றாள். "ரீத்தாப் பாப்பா. இங்க பாரு சாமி."

ரீத்தா ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவளை மெல்லத் திருப்பினேன். அம்மா பார், அம்மா பார் என்றேன். அவள் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு முற்றமெல்லாம் கேட்கும்படி கத்தினாள்: "தாமாவ்! தாமாவ்!"

அங்கே இருந்தவர்களில் அந்தச் சொல் புரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் பிலோமினாவும். ஈப்போவில் மூன்று வருடம் குடித்தனம் செய்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அருளப்பன் கேட்டார். "பாப்பா என்னமோ சொல்லுதே, என்னங்க மாப்ள அது?"

வராந்தாவிலிருந்து பிலோமினாதான் பதில் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அம்மாங்குறாண்ணா. மலாயாவுல அம்மாவ அப்படித்தான் கூப்புடுவாங்க."

சவரியம்மாள் அழுதுவிட்டார். பச்சைக் குழந்தைக்குப் பெற்றவளை எப்படித் தெரிகிறது பார் என்று நர்சிடம் சொன்னார். நர்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் சொல்லவில்லை.

அருளப்பன் சென்ற வருடம் காலமாகிவிட்டார். அவருக்கு முன்பே சவரியம்மாள் போய்விட்டார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

5

ஆபரேஷன் நடந்தது. காலையில் உள்ளே கொண்டுபோனவளை மதியத்துக்கு மேல்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மூன்று நாள் வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். நான்காவது நாள் கஞ்சி கேட்டாள்.

இதற்கிடையில் சூரமங்கலத்து வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சவரியம்மாள் குழந்தையிடம், 'தாமாவ் எங்க? தாமாவ் ஆஸ்பத்திரியில இருக்குது. ஞாயித்துக்கெழம தாமாவப் பாக்கப் போலாமா?' என்று பேச ஆரம்பித்திருந்தார். மலாயாக் குழந்தைக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறைதான். தெருவே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டி, 'இது யாரு? தாமாவ்' என்றார்கள். ரீத்தா முதலில் குழம்பிப்போய் விழித்தாள். பிறகு அவளும் போட்டோவைக் காட்டித் தாமாவ் என்றாள். நாளாக ஆக, சோறு வேண்டாம் என்பதற்கு அவள் அந்தச் சொல்லைச் சொல்வது நின்றே போனது.

எனக்கு லீவு முடிந்தது. குழந்தையைத் திரும்ப அழைத்துப் போவதாகவே நினைத்திருந்தேன். அவள் என் மார்மேல்தான் தூங்கினாள். கிணற்றடிக்குப் போனால்கூடப் பின்னாலேயே வந்தாள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பிலோமினாவைப் பார்க்கப் போனேன். இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ அவள் இங்கேதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாப்பாவ உட்டுட்டுப் போங்க," என்றாள்.

அவள் என்னை விட்டு இருக்கமாட்டாள் என்றேன். தெரியும் என்றாள். "இப்பக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா, நான் வர்றப்ப மறுபடியும் அதே சொல்லத்தான் சொல்லுவா. இங்க இருந்தா வாராவாரம் மரத்தடியில நின்னாச்சும் என்னயப் பாப்பா."

என்னை மறந்துவிடுவாளே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

"மறந்துடுவாதாங்க," என்றாள். "ஆனா நீங்க ஒடம்பு நல்லா இருக்கீங்க. உங்களால தாங்க முடியும். என்னால முடியாதுங்க."

புறப்படும்போது ரீத்தா பின்கட்டில் சவரியம்மாளோடு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். திரும்பும் விமானத்தில் எங்கோ முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. எழுந்து போய் உதவலாமா என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

ஈப்போவில் ஆ யீ வாசலிலேயே காத்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில், அங்கே, அம்மாவிடம் என்றேன். செத்துப் போகவில்லை என்பதை மட்டும் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பல நாள் என்னோடு பேசவில்லை. அவர் வீட்டுக் கொடியில் குழந்தையின் சட்டை ஒன்று வெகுநாள் தொங்கியது.

6

இப்போது ரீத்தா இங்கே கான்வென்ட்டில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அவளுக்குக் கீழே பிறந்த தம்பியிடம் கேள்வியே ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பூசையில் தமிழ்ப் பாட்டு வந்தால் இருவரும் வாயை மட்டும் அசைக்கிறார்கள். பள்ளியில் மலாய் கட்டாயப் பாடம் ஆகிவிட்டது. அதில் ரீத்தா நல்ல மார்க் வாங்குகிறாள். தாமாவ் என்றால் என்ன என்று இன்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அம்மாவைத் தான் அப்படிக் கூப்பிட்டது மட்டும் அவளுக்கு ஞாபகம் இல்லை. ஈப்போவுக்குத் திரும்பி வந்த புதிதில் சந்தையில் அவள் 'தாமாவ், தாமாவ்' என்று பிலோமினாவின் புடவையைப் பிடித்து இழுப்பாள். மீன் விற்கும் மலாய்க்காரர், குழந்தை வேண்டாம் என்கிறதே, எதற்கு வாங்குகிறீர்கள் என்று சிரிப்பார். பள்ளிக்கூடம் போன பிறகு அது மறைந்தது. இப்போது மம்மி என்கிறாள்.

பிலோமினா இதைப் பற்றிக் குறையாக எதுவும் சொன்னதில்லை. ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள், "தாமாவ்னு கூப்புட்டப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு," என்றாள். அந்த முற்றத்தில் நடந்ததைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான்.

7

பிலோமினாவும் ரீத்தாவும் திரும்பி வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் தனியாகத் திரும்பி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நோய் தீர்ந்தது என்ற சான்று, எக்ஸ்ரே படங்கள், இங்கே என் வேலைச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்பி, குடிநுழைவு அனுமதி வாங்கினேன். கப்பலின் நெரிசல் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் விமானத்திலேயே வந்தார்கள். நான் சிங்கப்பூருக்கு முதல் நாளே போய்விட்டேன்.

கம்பித் தடுப்புக்கு அப்பால் முதலில் பிலோமினா தெரிந்தாள். ஒரு தோள் இறங்கியிருந்தது. ஆனால் நிமிர்ந்து நடந்தாள். ஒரு கையில் எக்ஸ்ரே படங்கள் இருந்த நீள உறை. அதிகாரி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ரீத்தா வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைச் சடை. கையில் ஒரு சின்னத் துணிப்பை. நான் தடுப்பைத் தாண்டிப் போய்க் குனிந்தேன். தூக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். பெரியவர்களைக் கண்டால் செய்ய வேண்டும் என்று சவரியம்மாள் பழக்கியிருந்தபடி இரண்டு கையையும் கூப்பி, "சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்," என்றாள்.

நீட்டிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் செய்வதுபோல அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தேன். அவள் அதை அடக்கமாக வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்கப்பா வரலீங்களா?"

பிலோமினா பக்கத்தில்தான் நின்றாள். நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நான்தான் சாமி," என்றேன்.

ரீத்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சட்டையை, செருப்பை, மறுபடி முகத்தைப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. கடைசியில் கீழே வைத்திருந்த துணிப்பையை எடுத்து, தூக்கிக்கொண்டு வரும்படி என் கையில் கொடுத்தாள்.